இட்லிக் கணக்கில் பயனிலை எங்கே?

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் அண்ணாச்சியின் இட்லிக் கடை. கடை என்று சொன்னாலும் உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு எரியும். ஐந்தரைக்குள் சைக்கிள்காரர்கள் வரிசை கட்டிவிடுவார்கள். கேரியரில் அலுமினிய அண்டா, ஹேண்டிலில் சட்னித் தூக்கு, சாம்பார் தூக்கு, கைக்கு எட்டுகிற இடத்தில் ரப்பர் ஹாரன். சயான், குர்லா, மாட்டுங்கா, தாதர் என்று ஆளுக்கொரு லைன். யார் எத்தனை இட்லி எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், என்ன பாக்கி என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கும்.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று நான் வாயைக் கொடுத்தேன். எனக்குப் பகலில் டேட்டாபேஸ் வேலைதான். இட்லிக் கணக்கு என்ன பெரிய கணக்கு என்ற இளக்காரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எக்செல் ஷீட் ஒன்று போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் உளுந்து விலை ஏறியது. இட்லிக்கு இரண்டரை ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர் மூன்று ஆக்கினார். மேல் ஓரத்தில் விலைக்கென்று நான் வைத்திருந்த கட்டத்தில் 2.50ஐ அழித்து 3 என்று அடித்தார். அவ்வளவுதான். மூன்று மாதக் கணக்கும் புது விலைக்கு மாறிவிட்டது. கடைசிக் காசு வரை தீர்த்துவிட்டுப் போனவன்கூடக் கடன்காரனாக நின்றான்.

“என்ன தம்பி, தந்தவனெல்லாம் தரணும்னு காட்டுதே?”

பார்முலாவில் பிழை இல்லை. ‘இட்லி இன்றைக்கு என்ன விலை’ என்பது ஒரு செய்தி. ‘அன்றைக்கு அவர் என்ன விலைக்கு எடுத்தார்’ என்பது வேறொரு செய்தி. முதலாவது நாளைக்கு மாறும். இரண்டாவது நடந்து முடிந்தது, இனி மாறக் கூடாது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்ததால் ஒரே செய்தி என்று நினைத்து ஒரே கட்டத்தில் வைத்துவிட்டேன். தரவுத்தள வடிவமைப்பில் நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்: இரண்டு செய்தியை ஒன்றாக்குவது, அல்லது ஒரு செய்தியை இரண்டு இடத்தில் எழுதுவது.

அண்ணாச்சியின் நோட்டில் இந்தப் பிழை வராது, அது வேறு விஷயம். எழுதின மை எழுதினதுதான். ஆனால் நோட்டுக்கு வேறொரு நோவு உண்டு. அது தேதிவாரியாக ஓடுகிறது. ‘இன்றைக்கு யார் யார் எடுத்தார்கள்’ என்றால் ஒரே பக்கம். ‘இந்த மாதம் குர்லா லைன்காரர் மொத்தம் எத்தனை எடுத்தார்’ என்றால் முப்பது பக்கம் புரட்ட வேண்டும். ஆள்வாரியாகப் பேரேடு போட்டால் இரண்டாவது கேள்வி சுலபமாகும், முதலாவது சிக்கலாகும். எந்தக் கேள்வி முக்கியம் என்று நோட்டு வாங்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.

1960களின் கடைசியில் உலகத்தின் பெரிய கணிப்பொறிகளுக்கும் இதே நோவு இருந்தது. அப்பல்லோ திட்டத்தின் ராக்கெட் உதிரிபாகப் பட்டியலைச் சமாளிப்பதற்காக ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் என்ற மென்பொருள், தரவை மரம்போல அடுக்கி வைத்தது. அடிமரத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து இலை. மரம் வளர்ந்த திசையில் கேட்டால் பதில் உடனே வரும். எதிர்த் திசையில் கேட்கவேண்டுமானால் புரோகிராமர் ஒருவர் உட்கார்ந்து கிளை கிளையாக ஏறி இறங்கும் நிரலை எழுத வேண்டும். அடுக்கிய விதத்தை மாற்றினால் அந்த நிரல் செத்துப்போகும்.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் எட்கர் காட் என்றொரு ஆங்கிலேயர் இருந்தார். 1923இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இன்றைய ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு மூலம். உள்ளே தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது கேள்வி கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் சொந்த நிறுவனமே மெதுவாகத்தான் அசைந்தது. 1974இல் சேம்பர்லினும் பாய்ஸும் இதற்கென்று ஒரு கேள்வி மொழியை அங்கேயே வடித்தார்கள். இன்றைய எஸ்க்யூஎல் அதன் வாரிசு. ஆனாலும் 1979இல் சந்தைக்கு முந்திக்கொண்டு வந்தது வேறொரு நிறுவனத்தின் ஆரக்கிள். எட்கர் காட்டுக்கு 1981இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

ரிலேஷனல் என்றால் டேபிள்களுக்கு இடையே உறவு என்று நம்மூர்க் கல்லூரிகளில் பலர் சொல்லித் தருகிறார்கள். நானும் அப்படித்தான் படித்துவிட்டு இன்டர்வியூவில் ஒப்பித்தேன். அது சரியல்ல. ரிலேஷன் என்பது கணிதத்தில் வரும் சொல். இங்கே அதற்கு ஒரு டேபிள் என்றே பொருள். ஒரு ரிலேஷனுக்குப் பின்னால் ஒரு பிரெடிகேட் இருக்கிறது என்பார்கள் தர்க்கவியலார். அதாவது காலி இடம் விட்ட ஒரு வாக்கியம். ஒவ்வொரு வரியும் அந்தக் காலி இடங்களை நிரப்பி, ‘இது உண்மை’ என்று சொல்கிறது.

பிரெடிகேட்டுக்கு நம் இலக்கணத்தில் பெயர் பயனிலை. தர்க்கவியலின் பிரெடிகேட்டும் இலக்கணப் பயனிலையும் அச்சு அசலாக ஒன்றல்ல, பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று தமிழ் ஐயாவிடம் குட்டு வாங்கிய எவருக்கும் டேபிள் வடிவமைப்பு பாதி தெரியும் என்பது என் கட்சி. டேபிளைப் படமாகப் பார்க்காமல் வாக்கியமாக வாசித்துப் பாருங்கள். நான் போட்ட எக்செல் ஷீட்டில் ஆள், போன், லைன், நாள், இட்லி, கொடுத்த பணம், பாத்திரம் என்று வரிசையாகப் பத்திகள். அதை ஒரு வாக்கியமாக்க முயன்றால் இப்படி வரும்: ‘இன்ன பெயருடைய ஆளின் போன் இது, அவர் இந்த லைனில் போகிறார், இன்ன நாளில் இத்தனை இட்லி எடுத்தார், இவ்வளவு பணம் கொடுத்தார், இந்தப் பாத்திரங்களை வாங்கிக்கொண்டார்.’ வினைமுற்றுகளை எண்ணுங்கள். போகிறார், எடுத்தார், கொடுத்தார், வாங்கிக்கொண்டார். ‘போன் இது’ என்பதில் மறைந்து நிற்கிற பயனிலை ஒன்று. ஐந்து வாக்கியத்தைக் கமா போட்டு ஒட்டி ஒரே டேபிள் என்று சொல்லியிருக்கிறேன்.

ஒட்டினதற்கு விலை கொடுத்தேன். தாதர் லைன்காரர் புது சிம் வாங்கினார். அவருடைய எண் தொண்ணூறு வரிகளில் இருந்தது. ஐம்பதில் மாற்றினேன், மிச்சம் கண்ணில் படவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு போன், எது சரி என்று ஷீட்டுக்கே தெரியாது. புதிதாக ஊரிலிருந்து வந்த பையனின் போனை எழுதி வைக்க வழியில்லை, ஏனென்றால் அவன் இன்னும் ஓர் இட்லிகூட எடுக்கவில்லை, எடுக்காதவனுக்கு வரி கிடையாது. மாதக் கடைசியில் அண்ணாச்சி ‘பழசைக் கழிச்சுடுதேன்’ என்று தீர்ந்த கணக்குகளை அழித்தார். லீவில் ஊருக்குப் போயிருந்த ஒருவரின் போன் எண்ணும் அதோடு போயிற்று. பாடப்புத்தகத்தில் மாற்றுதல், சேர்த்தல், நீக்குதல் கோளாறுகள் என்று மூன்று தலைப்பில் வருபவை இவைதான். மூன்றுக்கும் காரணம் ஒன்று. ஆளைப் பற்றிய செய்தி, எடுப்பைப் பற்றிய செய்தியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

வாக்கியத்தைப் பிரித்துவிட்டால் நான்கைந்து டேபிள் கிடைக்கும். பிரிக்கும்போதே எழும் கேள்வி: ஒரு வாக்கியத்தில் வரும் ஆளும் இன்னொரு வாக்கியத்தில் வரும் ஆளும் ஒருவர்தானா? இங்கேதான் சாவி (கீ) வருகிறது: இவர் இன்னார் என்று பிரித்துக் காட்டும் அடையாளம்.

சாவி என்றதும் பெயரைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் நிறைந்த தெருவில் பெயரைச் சாவியாக வைப்பது துணிச்சல். அண்ணாச்சியிடம் இரண்டு முருகன், மூன்று செல்வம். நோட்டில் அவர் ‘சயான் முருகன்’, ‘குர்லா முருகன்’ என்று எழுதுவார். நல்ல ஏற்பாடுதான், ஒரு நாள் இருவரும் லைனை மாற்றிக்கொள்ளும் வரை. மாற்றிக்கொண்டார்கள். அடுத்த ஒரு வாரம் சயான் முருகன் என்றால் சயானிலிருந்து வந்த முருகனா, சயானுக்குப் போகிற முருகனா என்று அண்ணாச்சிக்கே தட்டுமாறியது. இதே ஊரில் ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்கள் டிபன் மூடியில் எழுதும் குறியைப் பாருங்கள். எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று எல்லாம் அந்தக் குறியிலேயே இருக்கும். டப்பா போய்ச் சேர அதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அது டப்பாவின் வழி. டப்பாவில் சாப்பிடுகிறவரின் அடையாளம் அல்ல. அவர் ஆபீஸ் மாறினால் குறியும் மாறும். அர்த்தம் ஏற்றிய சாவிக்கெல்லாம் இந்தக் கதிதான்: அர்த்தம் மாறுகிற அன்று சாவி செல்லாது.

போன் எண்ணை வைக்கலாமா? சிம் மாறும், அண்ணன் தம்பி இருவருக்கு ஒரே போனும் இருக்கும். ஆதார் எண்? பன்னிரண்டு இலக்கம், மாறாது, ஆளுக்கு ஒன்றுதான். சாவிக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். ஆனால் இட்லிக் கணக்குக்கு ஒருவரின் ஆதாரைக் கேட்பது அநியாயம். கேட்டு வாங்கி ஒவ்வொரு டேபிளிலும் தூவி வைப்பது அதைவிட அநியாயம். கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அர்த்தமே இல்லாத ஓர் எண்ணைக் கொடுத்தேன். அதற்கு அர்த்தம் இல்லை என்பதே அதன் தகுதி. ஒரு முருகன் 7, இன்னொருவர் 12. லைன் மாறட்டும், போன் மாறட்டும், 7 என்றும் 7தான்.

ஆனால் அர்த்தமற்ற எண்ணைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. எண் கொடுத்துவிட்டால் ஒரே ஆளைத் தவறுதலாக இரண்டு தடவை சேர்ப்பது நின்றுவிடாது. ஒருவருக்கே 7ம் 31ம் கிடைத்துவிடும். நிஜ உலகில் இவரை இன்னாரென்று எது பிரித்துக் காட்டுகிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. எங்கள் விஷயத்தில் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் சேர்ந்து. அதையும் ‘திரும்ப வரக் கூடாது’ என்று கட்டுப்பாடாக எழுதிவைத்தேன்.

அப்பா பெயர் என்றதும் மும்பைத் தமிழர்களுக்கு ஒரு பெருமூச்சு வரும். இந்த ஊர் விண்ணப்பங்களில் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைக் கடைசிக் கட்டத்தில் போடுவோம். பிறகு வரும் கடிதமெல்லாம் அப்பாவை விளித்தே வரும். அண்ணனுக்கும் கல்யாணமான தங்கைக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர். அந்தக் கட்டங்களை வகுத்தவர் ஒரு வாக்கியத்தை எழுதியிருக்கிறார்: ‘ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு.’ அந்த வாக்கியம் நம் விஷயத்தில் பொய். நான் முழுப்பெயருக்கு ஒரே பத்தி வைத்தேன். அதிலும் ஒரு தொல்லை. ‘கோபால்’ என்பதில் வரும் ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறி ஒரே குறியீடாக, அல்லது முன்னால் ஏகாரக் குறியும் பின்னால் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. பல டேட்டாபேஸ்களுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர். உள்ளே வாங்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இனி எடுப்பு டேபிளில் பெயர் வராது, 7 என்ற எண் மட்டும் வரும். அந்த 7ஐத்தான் ஃபாரின் கீ என்கிறோம். எச்சத்தைப் போன்றது அது. ‘வந்து’ என்று நிறுத்தினால் ‘வந்து என்ன செய்தான்’ என்று கேட்கிறோமே, அதுபோல 7 என்றால் ‘யார் அந்த 7’ என்று இன்னொரு டேபிளைக் கை நீட்டிக் காட்டுகிறது. காட்டுகிற இடத்தில் ஆள் இல்லாவிட்டால் வாக்கியம் தொங்கும். தொங்கவிடாமல் காவல் காப்பது டேபிளின் பொறுப்பு என்று நம்பித்தான் அண்ணாச்சியின் பழைய லேப்டாப்பில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸைப் போட்டேன். ஒரு நாள் பார்த்தால் 47 என்ற ஆள் பேரில் இருநூறு இட்லி. 47 என்று ஆளே கிடையாது. எஸ்க்யூலைட் ஃபாரின் கீயை எழுத விடும். ஆனால் சாதாரணமாக அதைக் கண்காணிக்காது. ஒவ்வொரு இணைப்பிலும் தனிக் கட்டளை கொடுத்து இயக்கிவிட வேண்டும். தெரிந்த விஷயம்தான், மறந்துவிட்டேன்.

எடுப்பு டேபிளுக்குச் சாவி என்ன என்பதற்கு என் மனதில் ஆளும் நாளும் என்று இருந்தது. கேட்டுவிடுவோம் என்று கேட்டேன்.

“ஒரே நாள்ல ஒருத்தர் ரெண்டு தடவை வருவாங்களா அண்ணாச்சி?”

“ஞாயித்துக்கிழமைன்னா வருவானே. மொத நடை ஆறு மணிக்கு, ரெண்டாம் நடை ஒம்பது மணிக்கு.”

நடை என்ற பத்தி அப்படித்தான் வந்தது. ஆள், நாள், நடை மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வரி தனித்து நிற்கும். கேட்காமல் விட்டிருந்தால் முதல் ஞாயிறே இரண்டாம் நடையை ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று டேபிள் தள்ளியிருக்கும்.

அடுத்து, விலை எந்த டேபிளுக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு டேட்டாபேஸ்காரர்கள் ஃபங்ஷனல் டிபென்டன்ஸி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். விஷயம் சின்னது: எது தெரிந்தால் எது தானாகத் தெரியும்? ஆள் எண் தெரிந்தால் போன் தெரியும், எனவே போன் ஆள் டேபிளுக்குச் சொந்தம். விலை எது தெரிந்தால் தெரியும்? ‘நாள் தெரிஞ்சா தெரியும், எல்லாருக்கும் ஒரே ரேட்டு’ என்றார் அண்ணாச்சி. சற்று நேரம் கழித்து, ‘முந்நூறுக்கு மேல எடுத்தா பத்துப் பைசா கொறச்சுக்கிடுவேன்’ என்றார். டீ வந்தது. குடித்து முடித்தபின், ‘நம்ம மச்சினன்கிட்ட மட்டும் பழைய ரேட்டுதான்’ என்றார். ஆக விலை நாளையும், எண்ணிக்கையையும், மச்சினனையும் பொறுத்தது. இந்த மூன்றாவது விதியை எந்தப் படம் வரையும் மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது. டீ குடித்தால்தான் வரும். விலையை எடுப்பு டேபிளிலேயே, அன்று பேசிய தொகையாக, வரிக்கு வரி எழுதினேன். பார்ப்பதற்குத் திரும்பத் திரும்ப எழுதியதுபோல இருக்கும். எண் திரும்புகிறதே தவிரச் செய்தி திரும்பவில்லை. தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்தேன். பத்துப் பைசாவை தசமமாக வைத்தால் கணிப்பொறியின் இரும எண்ணில் அது முடிவிலியாக நீளும், 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று காட்டுகிற கூத்தைப் பல நிரல் மொழிகளில் பார்க்கலாம்.

எட்கர் காட்டும் அவருக்குப் பின் வந்தவர்களும் முதல் நார்மல் வடிவம், இரண்டாவது, மூன்றாவது என்று அடுக்கியது இந்தக் கேள்வியைத்தான். முதலாவது, ஒரு கட்டத்தில் ஒரு செய்தி: ‘அண்டா 1, தூக்கு 2’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் ‘வெளியே மொத்தம் எத்தனை தூக்கு’ என்ற கேள்விக்குப் பதில் வராது. பாத்திரம்1, பாத்திரம்2, பாத்திரம்3 என்று பத்திகளை நீட்டினாலும் அதே கதை, நான்காவது பாத்திரம் வருகிற அன்று திணறும். இரண்டாவதும் மூன்றாவதும், சாவியின் ஒரு துண்டையோ சாவியல்லாத வேறொன்றையோ பொறுத்த செய்தியை அதன் சொந்த வீட்டுக்கு அனுப்பி வைப்பது. எடுப்பு டேபிளில் போன் எண்ணை வைத்தால் அது ஆளை மட்டும் பொறுத்தது, நாளையும் நடையையும் அல்ல. இரண்டாவது விதி மீறல். நான்கு, ஐந்து என்று மேலும் உண்டு. மூன்றைத் தாண்டி என் வேலையில் வருஷத்துக்கு ஒரு தடவை யோசித்திருந்தால் அதிகம்.

பாக்கியை எழுதி வைக்கவில்லை. எடுப்பைக் கூட்டி, வரவைக் கழித்தால் பாக்கி வந்துவிடும். எழுதி வைத்தால் என்றாவது ஒரு நாள் கூட்டலும் எழுத்தும் முரண்படும். நோட்டில் அண்ணாச்சி தினமும் பாக்கி எழுதியதற்குக் காரணம் கையால் கூட்டுவது கஷ்டம் என்பதுதான். முப்பது சைக்கிள்காரர்களின் கணக்கைக் கூட்ட லேப்டாப்புக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. கோடிக்கணக்கான வரிகள் உள்ள இடத்தில் தெரிந்தே பாக்கியை எழுதி வைப்பார்கள். அது வேகத்துக்காகச் செய்கிற சமரசம், அவர்களுக்கு ராத்திரி சரிபார்க்கும் வேலை தனியாக இருக்கும்.

வெற்றுக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்க்யூஎல்லில் அதற்கு நல் என்று பெயர். தமிழில் எழுதினால் இப்படி நல்லதாகத் தெரிகிறது, அவ்வளவு நல்லதில்லை. வரவுக் கட்டம் காலி என்றால் பணம் தரவில்லையா, தந்ததை எழுதவில்லையா, அன்றைக்கு அவர் வரவே இல்லையா? நல் எதற்கும் சமமில்லை, இன்னொரு நல்லுக்கும் சமமில்லை. கேள்வி கேட்டால் ஆம், இல்லை என்பதோடு ‘தெரியாது’ என்று மூன்றாவது பதில் வரும். ஒரு பத்தி முழுவதையும் கூட்டச் சொன்னால் அது சத்தமில்லாமல் விலகி நிற்கும். வரவைத் தனி டேபிளாக்கியதும் இந்தக் கட்டமே மறைந்துவிட்டது. பணம் தந்தால் ஒரு வரி. தராவிட்டால் வரி இல்லை.

எல்லாம் முடித்து, விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். பாத்திரங்களின் டேபிளுக்கு ‘இன்ன பாத்திரத்தை இன்ன ஆள் இன்ன நாளில் வாங்கிக்கொண்டார், இன்ன நாளில் திருப்பித் தந்தார்’ என்று வாக்கியம். ஆறாம் எண் அண்டா 7 பேரில் வெளியே இருந்தது. அதைத் திருப்பிக்கொண்டு வந்தவர் 12.

“இவர் ஏன் கொண்டு வாராரு? இது அவர் வாங்கினதில்லையே?”

“அவனுக்குச் சயான் ஆஸ்பத்திரிகிட்டேயே வித்துத் தீந்துட்டு. இவனுக்கு அண்டா ஓட்ட. ரோட்டுலயே மாத்திக்கிட்டானுவ. எப்பவும் நடக்கிறதுதான தம்பி.”

வாங்கியவர் ஒருவர், இப்போது வைத்திருப்பவர் இன்னொருவர். மறுபடியும் இரண்டு செய்தியை ஒன்றாக்கி வைத்திருந்தேன். லேப்டாப்பைத் திறந்து ‘கைமாற்றம்’ என்று ஒரு புது டேபிளுக்குத் தலைப்பு அடித்தேன். சைக்கிள்காரர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கியிருந்தார்கள். அண்ணாச்சி நோட்டில் அந்த அண்டாவுக்கு நேராக இருந்த 7ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 12 என்று எழுதினார்.